பகல் வேலைக்காக எடுத்த சீட்டு

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எந்த இடத்தில் சின்ன ர வரும், எந்த இடத்தில் பெரிய ற வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. இதைத் தட்டச்சு செய்கிறவர் திருத்திக்கொண்டால் அவருக்குப் புண்ணியம்.

வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது, "அரசாங்க வேலையாம், எப்பிடிக் கிடைச்சது?" என்று யாராவது கேட்டால், "கிடைச்சது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் சொல்லாமல் விட்ட இடத்தை மற்றவர்கள் தங்கள் பாட்டில் நிரப்பிக்கொண்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நியூசிலாந்தில் விரி என்ற இடத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தில் இரவு வேலை செய்தேன். தரை கழுவும் மெசினை நடைபாதை நடைபாதையாக ஓட்டுவது. விடிந்ததும் மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வருவேன். பழைய மர வீட்டின் பின்பாதி எங்களுடையது. மனைவி வேலைக்கு வெளிக்கிட்டுப் படலையில் நிற்பாள். அவள் முதியோர் இல்லத்தில் பகல் வேலை. எங்களுக்கு ஒரு கார்தான். நான் இறங்கிக் கார்த் திறப்பைக் கொடுப்பேன், அவள் ஏறிக்கொள்வாள். "சோறு அடுப்பில இருக்கு." "ஓம்." "தண்ணி பில் வந்திருக்கு." "ஓம்." இப்படித்தான் பல வருடம் குடும்பம் நடத்தினோம். பகலில் எனக்கு நித்திரை வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் துள்ளும் கட்டிலில் துள்ளுவார்கள். அதன் கம்பிகள் கிரீச்சிடும் சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்கும். படுப்பேன், எழும்புவேன், முகட்டைப் பார்ப்பேன், மறுபடி படுப்பேன்.

ஒரு நாள் எங்கள் மேற்பார்வையாளர், ஃபிஜிக்காரர், என்னைக் கூப்பிட்டார். எங்கள் துப்புரவுக் கம்பனிக்குப் புதிதாக ஒரு அரசாங்கக் கட்டடம் கிடைத்திருக்கிறதாம். ஆல்பனிப் பக்கம். காலையிலிருந்து பின்னேரம் வரை வேலை, நிரந்தரம். பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "ஆனால் அங்கே போக செக்கியூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும், ஆளைப் பற்றி விசாரித்துத் தருகிற அனுமதி. கூட்டுகிறவர், துடைக்கிறவர் எல்லோருக்கும்தான். படிவத்தில் உண்மையை எழுது, அவ்வளவுதான்" என்றார்.

அந்த வேலை கிடைத்தால் நானும் மனைவியும் பின்னேரத்தில் ஒரே நேரம் வீட்டில் இருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சம்பளம் இரவு வேலையை விடக் கொஞ்சம் குறைவுதான்.

படிவம் கம்பியூட்டரில் வந்தது. மனைவி ஓ.எல். சோதனை வரை படித்தவள். அவள்தான் சமையலறை மேசையில் லாப்டொப்பை வைத்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். எங்கெங்கே இருந்தேன், வெளிநாட்டில் யார் யார் சொந்தம், சகோதரங்கள் எங்கே என்றெல்லாம் கேட்டார்கள். பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு காசுக் கேள்விகள் வந்தன.

"இப்ப ஏதாவது கடன் இருக்கோ எண்டு கேக்குது. அடுத்தது, எப்பவாவது கடன் கட்டாமல் விட்டு அது அறவிடுற ஆக்களிட்டப் போனதோ எண்டு கேக்குது."

நான் கதிரையை விட்டு எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனேன்.

இந்தக் கடன் என்னவென்று இங்கே சொல்ல வேண்டும். நான் நியூசிலாந்து வந்த புதிதில் ஒரே அறையில் என்னோடு இருந்த கூட்டாளி ஒருவன் பொதி ஏற்றும் தொழிலுக்கு ஒரு வான் வாங்கினான். கடன் எடுக்கப் பிணைக்கு ஆள் வேண்டும் என்றான். கையெழுத்து வைத்தேன். ஒருவன் வந்து கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எனக்கு அந்த நாளில் நாக்கு எழும்பாது, இப்போதும் அவ்வளவாக எழும்பாது. அவன் கொஞ்ச நாள் கட்டினான். பிறகு மெல்பேர்ணுக்குப் போனான். அவனுடைய போன் வேலை செய்யவில்லை. கடன் கொடுத்த இடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அந்த நம்பரைக் கண்டால் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவேன். வாங்கியவன் அவன், எனக்கென்ன என்று நினைத்தேன். நான் எடுக்காமல் விட, விசயம் கடன் அறவிடுகிற, அதாவது வசூலிக்கிற, கம்பனியின் கைக்குப் போனது. ஒரு நாள் மனைவி அந்தப் போனை எடுத்துவிட்டாள். அரை மணித்தியாலம் கதைத்து, கிழமைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தாள். அன்றிலிருந்து என் சம்பளத்திலிருந்து ஒரு கிழமையும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"எழுதுவமோ?" என்று மனைவி கேட்டாள்.

"கொஞ்சம் பொறும். அதைக் கட்டி முடிச்சுப்போட்டு எழுதுவம்."

"கட்டி முடிச்சாலும், கட்டாமல் விட்டது விட்டதுதானே? அதையும் சேர்த்துத்தான் கேக்குது."

"கட்டி முடிச்சால் முடிஞ்சுது. முடிஞ்சதை ஏன் கிண்டுவான்?"

அவள் என்னைப் பார்த்தாள். லாப்டொப்பை மூடிவிட்டுக் கீரை நறுக்கப் போனாள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல தடவை யோசித்தேன். நான் வளர்ந்த காலத்தில் கேள்வி கேட்கிறவன் கையில் துவக்கு இருக்கும். அவனுக்குக் கதை சொல்லக்கூடாது. ஒரு பதில் சொன்னால் அது இன்னொரு கேள்வியைக் கொண்டுவரும். இல்லை, தெரியாது, போகவில்லை, காணவில்லை. சோதனைச் சாவடியில் இந்த நாலு சொல்லும் போதும். அதைக் கடந்து வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் விடாது. படிவத்தைக் கண்டதும் எனக்குத் தோன்றியது, அவர்கள் பார்க்க முதல் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும் என்பதுதான்.

நான் ஒரு சீட்டில் இருந்தேன். எங்கள் ஆட்களுக்குள் மாதம் ஒரு ஞாயிறு கூடும் சீட்டு. பிடிப்பது ஒரு அக்கா. கணவர் இல்லாதவர், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், வாய்க்காரி, ஆனால் ஒருவருடைய காசிலும் ஒரு சதம் தவறாதவர். எல்லோரும் மாதா மாதம் காசு போடுவோம். அவசரமானவர் கழிவு கேட்பார், அதாவது மொத்தத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பேன் என்று சொல்வார். யார் ஆகக் கூடுதலான கழிவு கேட்கிறாரோ அவருக்கு அந்த மாதத்துச் சீட்டு. அவர் விட்டுக்கொடுத்த கழிவை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். எடுத்தவர் கடைசி மாதம் வரை தொடர்ந்து கட்ட வேண்டும். எழுத்து, கையொப்பம் ஒன்றும் கிடையாது. எல்லாம் நாணயம்தான்.

அந்த ஞாயிறு அக்கா வீட்டுக் கராஜில் கூடியிருந்தோம். கம்பளம் விரித்து, தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் வைத்திருந்தார். நான் வழக்கமாக வாசல் பக்கம் இருப்பேன், காசைக் கொடுப்பேன், ஒரு ரோல்ஸ் சாப்பிடுவேன், வருவேன். ஒரு நாளும் கழிவு கேட்டதில்லை.

"ஆர் கேக்கிறியள்?" என்றார் அக்கா.

ஒருவர் முந்நூறு டொலர் என்றார். டாக்சி ஓடும் அண்ணை ஒருவர் முந்நூற்றைம்பது என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டாயிரம்" என்றேன்.

டாக்சி அண்ணை ரோல்ஸைக் கடித்தபடி திரும்பினார். "தம்பி, நீர் கழிவு கேக்கிறீரோ, இல்லை முழுச் சீட்டையும் எங்களுக்கே தாறீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "வாய் திறக்காத மனுசன் திறந்தால் இப்பிடித்தான். என்ன அவசரம் தம்பி? வீடு கீடு பாத்திட்டீரோ?"

"இல்லை அக்கா. சின்னத் தேவை."

"சின்னத் தேவைக்கு ரெண்டாயிரம் எண்டால் பெரிய தேவைக்கு ஆளையே விப்பீர் போல கிடக்கு."

ஐந்நூறு என்று கேட்டிருந்தாலே எனக்குக் கிடைத்திருக்கும். ஒவ்வொரு படியாக ஏற்றிக் கேட்க எனக்குக் கூச்சம். ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் கதைக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அக்கா காசை ஒரு பழைய கலியாண அழைப்பிதழின் உறையில் போட்டுத் தந்தார். திங்கட்கிழமை வங்கியில் போட்டேன். அடுத்த நாள் முழுவதையும் கடன் அறவிடுகிறவர்களுக்கு அனுப்பினேன். கணக்கு முடிந்தது என்று அவர்கள் பதில் அனுப்பினார்கள். அதை மனைவியிடம் காட்டினேன்.

"கழிவு எவ்வளவு விட்டனீங்கள்?"

சொன்னேன்.

"கிழமைக் காசு தன் பாட்டில போய்க்கொண்டிருந்தது. அதை அடைக்க இன்னொரு கடன். அதுவும் ரெண்டாயிரம் தண்டமாக் குடுத்து."

"சீட்டு கடனில்லை."

"அப்ப எடுத்த சீட்டுக்கு மிச்ச மாசம் ஆர் கட்டிறது? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனோ?"

ஆனால் உண்மையில் எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சீட்டு கடனில்லை என்றுதான் சொல்வார்கள். கடன் என்பது வங்கியில் எடுப்பது, வட்டிக்கு எடுப்பது. சீட்டு என்பது நம்முடைய காசை நாம் முந்தி எடுப்பது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

அன்று பின்னேரம் லாப்டொப் மறுபடி திறக்கப்பட்டது. இப்போது கடன் இருக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று போடச் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போட்டாள். எப்போதாவது கட்டாமல் விட்டீர்களா என்ற இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"இதை நீங்களே அமத்துங்கோ. நான் மாட்டன்."

அவள் எழும்பிய கதிரையில் நான் இருந்தேன். இல்லை என்ற கட்டத்தை நானே அழுத்தினேன். முடிந்தது முடிந்துவிட்டது என்று பாதி நம்பிக்கை. மற்றப் பாதி என்னவென்று எனக்குத் தெரியும்.

அனுப்பிய பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மெசின் ஓட்டும்போது போனைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். அது அதிராமலே அதிர்ந்தது போல இருக்கும். பகலில் படுத்தால் தலையணைக்குக் கீழே போன். எழும்பி மலைப்பக்கம் நடப்பேன், பாதி ஏற்றத்தில் வீட்டில் கடிதம் ஏதும் வந்திருக்குமோ என்று திரும்பிவிடுவேன். ஒரே தேத்தண்ணியை மூன்று தரம் சூடாக்கிக் குடிக்காமல் ஊற்றுவேன். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பேன்.

"இருந்து சாப்பிடுங்கோ" என்றாள் மனைவி. "நிண்டுகொண்டு சாப்பிட்டால் அவை கெதியாச் சொல்லப் போறேல்லை."

முதலில் வங்கிக் கணக்குத் தாள்களைக் கேட்டார்கள். அனுப்பினோம். பிறகு ஒரு பெண் அதிகாரி போன் எடுத்தார். குரல் மரியாதையாக இருந்தது. ஒரு நாள் உள்ளே வந்து அடுத்த நாளே வெளியே போன பெரிய தொகை ஒன்றைப் பற்றி நேரில் கதைக்க வேண்டும் என்றார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் போனில் இருப்பார், பயப்படத் தேவையில்லை என்றார். பயப்படத் தேவையில்லை என்று கேட்டபிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். சீட்டு என்றால், யார் பிடிப்பது என்பார்கள். அக்காவிடம் கேட்காமல் எப்படிச் சொல்வது? அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "என்ர பேரை அங்க இழுக்காதையும் தம்பி."

"பிழையான ஒண்டும் இல்லையே அக்கா."

"பிழையோ சரியோ, உமக்குத் தெரியுமோ? சீட்டில இருக்கிறவை எல்லாரும் உம்மைப்போல சம்பளக்காரரோ? ஒருத்தி அரசாங்க உதவிக் காசில இருக்கிறாள். ஒருத்தனுக்கு விசா இன்னும் சரிவரேல்லை. நாளைக்கு வரிக்காரன் வந்து கதவைத் தட்டினால் நீரோ பதில் சொல்லப் போறீர்?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"லண்டனில இருக்கிற அண்ணன் அனுப்பினது எண்டு சொல்லும். வேணுமெண்டால் என்ர மச்சான் ஒராள் அங்க இருக்கிறார். போன் பண்ணினால் ஓம் எண்டு சொல்லுவார். அவை அதுக்குமேல தோண்டமாட்டினம்."

"யோசிக்கிறன் அக்கா."

"யோசிக்க என்ன கிடக்கு? உமக்கு வேலை வேணும். எனக்கு நிம்மதி வேணும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். "லண்டன் அண்ணனோ? சகோதரம் ஒருத்தரும் இல்லை எண்டு படிவத்தில முதல் பக்கத்திலயே எழுதியிருக்கிறம். இப்ப அவை உங்கட அம்மாவையெல்லோ சந்தேகப்படப் போகினம்."

எனக்கும் சிரிப்பு வந்தது.

"என்ன சொல்லப்போறீங்கள்?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை."

அதுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

அந்த அலுவலகம் நகரத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். அதிகாரி என் மனைவியின் வயதிருப்பார். கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மேசையில் ஒரு போன், அதற்குள் மொழிபெயர்ப்பாளரின் குரல். "வணக்கம் ஐயா, நான் மலேசியாத் தமிழ். புரியலன்னா தயங்காம கேளுங்க" என்றது. துவக்கும் இல்லை, சீருடையும் இல்லை. ஆனாலும் அதிகாரி இருக்கச் சொல்லும் வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அதிகாரி கேட்டார். குரல் தமிழில் சொன்னது: "ஐயா, கடன் எப்பவும் கட்டாம விட்டதில்லன்னு போட்டிருக்கீங்க. ஆனா பழைய வான் கடன் ஒண்ணு அவங்க ஏற்கனவே பாத்துட்டாங்களாம். அதை நீங்க வாரா வாரம் தவறாம கட்டினதையும் பாத்துட்டாங்களாம். அது நல்ல விஷயம்னு சொல்றாங்க. அதை எழுதியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதாம். ஏன் இல்லைன்னு போட்டீங்கன்னு கேக்குறாங்க."

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதை மறைக்கவென்று ரெண்டாயிரம் கழிவு விட்டேனோ, அது அவர்களுக்கு முதலே தெரியும். போதாததற்கு, அதை நல்லது என்கிறார்கள்.

"வெக்கம்" என்றேன். "நான்தான் அந்த இடத்தில அமத்தினது. மனுசி மாட்டன் எண்டவ. பிழை எனக்குத்தான்."

குரல் அதை ஆங்கிலத்தில் சொன்னது. அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக நீண்ட நேரம் பேசினார். குரல் சொன்னது: "கடன் இருக்கறது அவங்களுக்குப் பெரிசில்லையாம் ஐயா. கடனை மறைக்கிற ஆளுகிட்ட வேற ஒருத்தன் வந்து, 'உன் விஷயம் எனக்குத் தெரியும், நான் வெளிய சொல்லல, நீ அந்தக் கதவை மட்டும் ராத்திரி பூட்டாம விட்டுடு'ன்னு சொல்லலாம். அதனாலதான் கேக்குறாங்களாம்."

அப்போதுதான் துடைக்கிறவனுக்கு ஏன் இவ்வளவு கேள்வி என்று எனக்கு விளங்கியது. எல்லாக் கதவுகளின் திறப்பும் துடைக்கிறவனிடம்தான் இருக்கும்.

காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சீட்டு என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னை விளக்கச் சொல்லவில்லை. "தெரியும் ஐயா, எங்கம்மாவும் கட்டுவாங்க" என்றவர், உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு அலுவலகக் குரலுக்குத் திரும்பி விளக்கமாகச் சொன்னார். இன்னும் கட்ட வேண்டியது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் அதுவும் கடன்தான் இல்லையா என்றார். ஓம் என்றேன். மனைவி சொன்னபோது விளங்காதது அங்கே ஒரு சொல்லில் விளங்கியது.

"யார் நடத்துறாங்கன்னு கேக்குறாங்க."

ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கி ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தெரியாது என்று சொல்லலாம். அது என் வாயில் தயாராக இருந்தது. எவ்வளவு காலம் என்னைக் காப்பாற்றிய சொல்.

"ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்றேன். "தெரியாது எண்டு சொல்லமாட்டன். ஆனால் பேர் சொல்லேலாது. இந்த வேலையைக் கேட்டது நான். அவ கேக்கேல்லை. என்னைப்பற்றி என்ன எண்டாலும் கேளுங்கோ."

குரல் அதை அப்படியே சொன்னது என்று நினைக்கிறேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கோபமாகப் படவில்லை. யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"இங்க என்ன சொல்லணும்னு யாராவது உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களான்னு கேக்குறாங்க."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கொடியில் ஆடிய உடுப்புகளும் அக்காவின் முகமும் கண்ணுக்குள் வந்தன. இல்லை என்றால் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கதிரைக்கு நான் வந்ததே படிவத்தில் போட்ட ஒரு 'இல்லை'யால்தான்.

"ஓம்" என்றேன். "ஒராள், லண்டன் சொந்தம் அனுப்பின காசெண்டு சொல்லச் சொன்னவ. நான் சொல்லேல்லை."

அதற்கும் பெயர் கேட்டார். அதற்கும் சொல்லவில்லை. கீழே வந்து எந்தத் தெருவில் காரை விட்டேன் என்று மறந்துபோய் நெடுநேரம் சுற்றினேன்.

பதில் வரப் பல கிழமை எடுத்தது. அந்தக் கிழமைகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் நடந்தேன். கடைசியில் வந்தது. அனுமதி தருகிறார்கள், ஒரு வருடத்தில் மறுபடி பார்ப்பார்கள், கடன் சம்பந்தமாக எது மாறினாலும் நானே அறிவிக்க வேண்டும். படிவத்தில் பிழையான பதில் கொடுத்தது கோப்பில் இருக்கும். மனைவி வாசித்து முடித்ததும் லாப்டொப்பை மூடி அதன் மேல் கையை வைத்தாள்.

பகல் வேலை தொடங்கியது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் விளக்கு எரியும், தாளிக்கிற வாசம் வரும். ஆரம்பத்தில் எங்களுக்கு என்ன கதைப்பதென்றே தெரியவில்லை. திறப்புக் கொடுக்கும் நேரத்துக்குள் முடிகிற கதைதான் பழக்கம்.

ஆனால் செய்தி பரவிவிட்டது. கோயிலில் டாக்சி அண்ணை என் தோளில் தட்டி, பக்கத்தில் நின்றவர்களிடம், "கவனமாக் கதையுங்கோ, தம்பி இப்ப அரசாங்க ஆள்" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். அதன் பிறகு நான் போய் நின்றால் கதை மாறியது. சீட்டு ஞாயிறுகளில் அக்கா என்னைக் கராஜுக்குள் கூப்பிடவில்லை. முன்கதவில் வைத்தே காசை வாங்கி எண்ணிக்கொண்டு, "சரி" என்பார். அவ்வளவுதான். நானும் ஒரு மாதமும் பிந்தவில்லை.

இன்றைக்குக் கடைசி மாதக் காசு. மனைவியும் காரில் வந்தாள், இறங்கவில்லை. நான் உறையைக் கொடுத்தேன். அக்கா எண்ணினார். இவ்வளவு மாதமும் கேட்காததை, காசு முழுவதும் கைக்கு வந்தபிறகு கேட்டார்.

"அங்க என்னைப்பற்றிக் கேட்டவையோ?"

"கேட்டவை அக்கா."

"என்ன சொன்னீர்?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு ஒரு நாளும் தெரியவராது. அவருக்கும் நிம்மதி, எனக்கும் அடுத்த சீட்டு. ஆனால் நான் நடந்ததைச் சொன்னேன். யார் பிடிக்கிறது என்று கேட்டதையும், தெரியும் ஆனால் சொல்லமாட்டேன் என்றதையும், பொய் சொல்லச் சொன்னது ஒராள் என்று ஒத்துக்கொண்டதையும்.

அக்கா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப சொல்லிப்போட்டீர்."

"பேர் சொல்லேல்லை அக்கா."

"பேர் மட்டுந்தான் மிச்சம்."

அவர் குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "உம்மைப் பிழை சொல்லேல்லை தம்பி. உமக்கு உம்மட வேலை. ஆனால் நான் வயசு போன காலத்தில ஒவ்வொரு நாளும் கதவு தட்டுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கேலாது. புதுச் சீட்டுக்கு உம்மட பேர் எழுதேல்லை."

"ஓம் அக்கா."

காருக்கு வந்தேன். மனைவி கேட்டாள், "கேட்டவவோ?"

"கேட்டவ."

"சொன்னனீங்களோ?"

"ஓம்."

அவள் காரை எடுத்தாள். சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது, "வேற என்ன செய்திருப்பீங்கள்" என்றாள். கேள்வியா, ஆறுதலா என்று விளங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, சீட்டு முடிந்துவிட்டது, இனி எனக்குக் கடன் எதுவும் இல்லை என்று அந்த அலுவலகத்துக்கு அறிவித்தாள். இந்த முறை இல்லை என்ற சொல் உண்மை. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்துக்குப் போனேன், வந்தேன். அந்த அதிகாரி நான் சொன்னதை நம்பினார். பதினைந்து வருடமாக என் கையால் காசு வாங்கியவர் நம்பவில்லை, அல்லது நம்பியும் பயப்படுகிறார். இரண்டில் எது என்று நான் எவரிடம் போய்க் கேட்பது? மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தான் தனியாகச் சாப்பிடத் தொடங்கினாள். ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கத்தானே இவ்வளவும் என்று நினைத்து உள்ளே வந்து அவளுக்கு எதிரில் இருந்தேன். சாப்பிட்டு முடிந்த பிறகு, அதே மேசையில் இருந்து இதை எழுதினேன்.

2025 ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை.